சொல்லிக்கொடுத்த குற்றம்

சலவைக்கூடத்தில் அவள் ஒன்பது ஆண்டுகளாக ரோலர் ஓட்டிவந்தாள். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்தபின், கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்கும் இயந்திரம் அது. விரிப்பு இந்தப் பக்கம் கசங்கலாக நுழைந்து அந்தப் பக்கம் காகிதம் போல வெளியே வரும். கை நுழைந்தால் கையும் அப்படித்தான் வரும் என்பதால், உருளைகளுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது.

புது ஆட்களைப் பழக்க ஒரு பயிற்சி அதிகாரி இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை வருவார், திரையில் படம் காட்டுவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் கண்டக்டர். ஐம்பத்திரண்டு வயது. அவர் ஓடிய பேருந்துத் தடத்தை நிறுத்திவிட்டதால் இங்கே வந்து சேர்ந்திருந்தார். முப்பது வருடம் பேருந்தில் கத்தியதில் மெதுவாகப் பேசுவதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தன்னைவிட இருபது வயது இளையவளை முதல் நாளே தங்கச்சி என்றார். பதினோரு நாளில் அவள் அவரை ஆளாக்கிவிட்டாள். விரிப்பின் ஓரத்தை எங்கே பிடிப்பது, ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும், கையை எப்போது விடுவது என எல்லாம் பழக்கியபின் கடைசியாக ஒன்று சொன்னாள்: "கம்பி இல்லாட்டி ரோலரைத் தொடாதீங்கண்ணே. யார் சொன்னாலும் சரி."

ஒருநாள் காலை வேலை குவிந்துவிட்டது. கம்பியில் துணி சிக்கி நேரம் போகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார். கண்டக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கம்பியை மாட்டினால் ஓட்டுகிறேன் என்றார்.

"இதெல்லாம் யாருய்யா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றார் சூப்பர்வைசர்.

பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார் கண்டக்டர். உரிய இடத்தில் பேர் போய்ச் சேரட்டும் என்று குரலை இன்னும் உயர்த்தினார். "தங்கச்சிதான் சார். எல்லாம் அது சொல்லிக்கொடுத்ததுதான்."

ஆறு இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி அது கூடம் முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் அவளுக்கு மெமோ வந்தது. சக ஊழியர் ஒருவருக்குத் தாங்கள் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவருகிறது, மூன்று நாளில் விளக்கம் தேவை. எதைச் சொல்லிக்கொடுத்தாள் என்று அதில் இல்லை.

வீட்டில், லாரி ஓட்டிவிட்டு வந்த கணவன் அதை இரண்டு தடவை படித்தான். இதில் என்ன தப்பு என்று அவனுக்கும் விளங்கவில்லை. மாமியார் மட்டும் இன்னொரு தடவை உரக்கப் படிக்கச் சொன்னாள். மகன் சொந்தமாக ஒரு முடிவு எடுத்தால் போதும், அதற்கு மாமியார் வைத்திருந்த பெயரும் 'சொல்லிக்கொடுத்தது'தான். அவன் சன்னலுக்குத் திரை வாங்கினாலும் சரி, அக்கா வீட்டுக்குப் போகாமல் இருந்தாலும் சரி, மருமகள் சொல்லிக்கொடுத்தது.

"பத்து வருஷமா நான் தொண்டை கிழியக் கத்துறேன்," என்றாள் மாமியார், உள்ளம் குளிர்ந்து. "உன் கம்பெனிக்காரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

மெமோவின் பொருள் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் பொய் எழுத மனம் வரவில்லை. 'ஆம், சொல்லிக்கொடுத்தேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்தில் அதைக் குற்ற ஒப்புதல் என்று கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

விசாரணை குளிரூட்டிய அறையில் நடந்தது. நடுவில் மேனேஜர், ஒரு பக்கம் சூப்பர்வைசர், மறுபக்கம் பணியாளர் அதிகாரி. ஆண்டறிக்கையைத் தமிழில் எழுதுகிறவர் என்பதால் பணியாளர் அதிகாரிக்குத் தன் மொழியறிவு மேல் அபார நம்பிக்கை. கற்றுக்கொடுத்தேன் என்று எழுதியிருந்தால் அது வேறு, சொல்லிக்கொடுத்தேன் என்றால் தூண்டிவிட்டேன் என்றுதான் பொருள் என்றார். வேலையைத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றாள் அவள்.

"வேலை கத்துக்கொடுக்கத்தான் பயிற்சி அதிகாரி இருக்காரே. அவர் செய்யிறதை நீங்க செய்ய முடியாது. அப்ப நீங்க செஞ்சது வேற ஏதோ."

சூப்பர்வைசர் தலையாட்டினார். 'தவறான எண்ணங்களைக் கற்பித்தார்' என்று எழுதிக்கொள்ளலாம் என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அவள் சற்று யோசித்தாள். "எழுதிக்குங்க சார். கற்பிக்கிறதுன்னா குத்தத்தையும் கற்பிக்கலாம். இல்லாததைக்கூட."

பேனா காகிதத்தில் இறங்காமல் நின்றது. மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

அடுத்து சாட்சியாகக் கண்டக்டர் வந்தார். தங்கச்சி என்ன சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதுதான் தாமதம், நிறுத்தம் நிறுத்தமாக அறிவிப்பதுபோல நாற்பது நிமிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மேனேஜர் எட்டு மாதத்துக்கு முன் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்து வந்தவர். ரோலர் பக்கம் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. விரிப்பைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கன்னத்துலயா? கை போதாதா?"

"சூடு பட்டுப் பட்டு கை மரத்துப்போயிருக்கும் சார். கன்னத்துக்குத்தான் தெரியும்."

மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார். கம்பி கழற்றப்பட்டிருந்தது என்று அவர் சொன்னதையும், மூலையில் உட்கார்ந்து வாக்குமூலம் அடித்துக்கொண்டிருந்த தட்டச்சுக்காரர் தன் பாட்டுக்கு அடித்துவிட்டார். கூடத்தில் கம்பி இல்லாதது யாரையும் உறுத்தவில்லை. இல்லை என்று காகிதத்தில் ஏறியது எல்லோரையும் உறுத்தியது. மதியத்துக்குள் சூப்பர்வைசர் தானே திருகாணியை முறுக்கி அதை மாட்டினார்.

ஆனால் மூன்று பேர் கூடி உட்கார்ந்தபின் ஒன்றும் இல்லை என்று எழுந்து போக முடியுமா? உத்தரவு வந்தது. உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை. எனினும் அவர் இனி யாருக்கும் சொல்லிக்கொடுத்தல், கற்றுக்கொடுத்தல், கற்பித்தல், பயிற்றுவித்தல், போதித்தல், புகட்டுதல் ஆகிய எதையும் செய்யக் கூடாது. பணியாளர் அதிகாரி தன் தமிழ் மொத்தத்தையும் அதில் இறக்கியிருந்தார்.

அவள் அப்படியே நடந்துகொண்டாள். அடுத்த மாதம் மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் என்ன கேட்டாலும் சுவரிலிருந்த பயிற்சி அதிகாரியின் புகைப்படத்தைக் கை காட்டினாள். அவளுக்கு அது இனிக்கவில்லை. ஒருத்தி விரல் நுனியைச் சுட்டுக்கொண்டு வந்தபோது வாயைத் திறக்காமல் மருந்து தடவி அனுப்பினாள். விரிப்புகள் சூட்டில் கருகிக் காவிக் கறையோடு வெளிவந்தன. ஒரு ஹோட்டல் இரண்டு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பியது. அதன் முதலாளி ஏன் இப்படி ஆகிறது என்று தொலைபேசியில் மேனேஜரைக் கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரோலர் அருகே வந்தார். எப்படி என்று கொஞ்சம் காட்ட முடியுமா என்றார். உத்தரவு இருக்கிறதே என்றாள் அவள்.

"காட்டக் கூடாதுன்னு அதுல இல்லம்மா. நான் பார்த்துட்டேன்."

காட்டினாள். அவர் விரிப்பைக் கன்னத்தில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். கண்ணை மூடச் சொன்னாள். மூன்றாவது விரிப்பில், "அட, ஆமா," என்றார். அந்த முகத்தில் மேனேஜர் தோரணை இல்லை. ஏழாவது விரிப்பு சுருக்கமே இல்லாமல் வந்தது. அதை அவர் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளுக்கும் மனசு நிறைந்தது. போகும்போது கதவருகே நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்க சொல்லிக்கொடுத்தீங்கன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மேனேஜர் அரை மணி நேரம் கன்னத்தைப் பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் சூப்பர்வைசர் நேராக அவளிடம் வந்து, மேனேஜர் சொன்னது சரிதானா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சரிதான் என்றாள். உத்தரவை ரத்து செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்த மூன்று பெண்களையும் கிட்டே வரச் சொன்னாள்.