எங்க வூட்டு மூஞ்சி

அறிவழகன் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் யாரைப்போல என்று யாரும் கேட்பதில்லை. அப்படியொரு நீள முகம். விக்கிரமங்கலத்தில் அவனுக்குச் சுரைக்காய் என்றே பெயர். "எங்க வூட்டு மூஞ்சி ஒரு போட்டோவுல அடங்காது, ரெண்டா எடுத்து ஒட்டணும்" என்று மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவனுக்கு முகம் எவ்வளவு நீளம் இருந்தால் என்ன?

மகள் சத்யப்பிரியாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் அதே முகம். கூடவே, வாய் எந்நேரமும் பாதி திறந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் 'ஈப்பிடிச்சான்' என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அறிவழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரம்பலூருக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டர் அஃப்ரின் சிறுமியின் இரண்டு கன்னத்திலும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, வயர் மாட்டி, "பல்லை நல்லா கடிம்மா" என்றார். திரையில் ஒரு கோடு லேசாக நடுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"கடிக்கிற தசை நல்லா வேலை செஞ்சாதாங்க தாடை அகலமா வளரும். இவளுக்கு ரொம்பக் கம்மி. அதான் வாய் மூடாம மூஞ்சி கீழ இறங்குது. ஏன் கம்மின்னு பாக்கணும். அடுத்த மாசம் வாங்க."

ஏன் கம்மி என்று பார்க்க வேண்டும் என்றது அறிவழகன் காதில் ஏறவில்லை. வேலை செய்தால் வளரும் என்பது மட்டும் ஏறியது. ஓட்டாமல் போட்ட வண்டி மக்கர் பண்ணும், ஓட்டினால் சரியாகிவிடும். அவனுக்குத் தெரிந்த மருத்துவம் அது.

பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமா? முற்றிய சோளமாகப் பார்த்து வாங்கி, மனைவி ஹேமலதாவை வறுக்கச் சொன்னான். குழைந்த சோற்றுக்குத் தடை. தினமும் வேலைக்குப் போகுமுன் மகளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வான்.

"கடி புள்ள."

"வலிக்குதுப்பா."

"வலிக்கட்டும். சோம்பேறிக் கன்னம்!"

ஒருநாள் சோளம் தொண்டையில் சிக்கிப் பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது. ஹேமலதா முதுகில் அறைந்து வெளியே எடுத்தாள். "பொண்ணக் கொன்னுட்டு மூஞ்சிய மட்டும் அழகாக்கப் போறீங்களா?" என்று கத்தினாள். மறுநாளிலிருந்து அவன் பெரிய மனசு பண்ணி, சோளத்தை ஊறவைத்துக் கொடுத்தான்.

அடுத்த மாதம் டாக்டரின் திரையில் கோடு முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. "நல்லாத்தான் கடிச்சேன் டாக்டர்" என்றாள் சத்யா, நெற்றி வியர்க்க.

சோள வைத்தியத்தை அறிவழகன் பெருமையாகவே சொன்னான். டாக்டர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார்.

"கைய இறுக்கி மூடுங்க. இப்ப டக்குனு திறங்க."

அவன் விரல்கள் ஒட்டிக்கொண்டதுபோல், ஒவ்வொன்றாக, மெல்லப் பிரிந்தன.

"ஸ்டியரிங்கக்கூட விடாதுங்க. பாசக்காரக் கை."

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க அப்பாவுக்கு?"

"அவருக்கும் இப்படித்தான். நாப்பத்தஞ்சு வயசுல, உக்காந்தபடியே நெஞ்சு நின்னு..."

"இந்த மூஞ்சி, கை ரெண்டும் வெறும் சாடை இல்லீங்க. தலைமுறையா இறங்கற தசை வியாதின்னு சந்தேகப்படறேன். நான் பல் டாக்டர், உறுதியாச் சொல்ல முடியாது. திருச்சில நரம்பு டாக்டரப் பாருங்க. ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கணும். கடிக்க வெச்சா பலமாகற தசை இல்ல இது. விழுங்கறதே கஷ்டம். கெட்டியா எதுவும் குடுக்காதீங்க."

அரியலூர் பஸ்ஸில் சத்யா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"நான் சரியாக் கடிக்கலன்னு திட்டுனாங்களாப்பா?"

"இல்ல சாமி. நீ நல்லாத்தான் கடிச்ச."

"அப்ப நாளைக்குச் சோளம்?"

"இனிமே வேணாம்."

"நெசமாவா? ரசஞ்சோறு?"

"குழைய வடிக்கச் சொல்றேன்."

அவள் அவன் பையிலிருந்த போனை உருவி அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா! எனக்குச் சரியாயிருச்சு! சோளமே வேணாமாம்!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, போனை அவன் காதில் வைத்தாள்.

"என்னங்க, நெசந்தானா?" என்றாள் ஹேமலதா. "சொல்லுங்களேன்."

மகள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்கு வந்து சொல்றேன்" என்றான்.