கூலி என்று எழுதிய சீட்டு

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. பட்டறை முதலாளியின் நீல நோட்டில் அவன் பெயரில் நின்ற பாக்கி அவ்வளவு. அதில் ஒரு காசைக்கூட அவன் குடித்துத் தொலைக்கவில்லை. நாலு வயது மகளின் வயிற்றுவலிக்கு ஸ்கேன், மருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு என்று வாங்கி வாங்கி ஏறியது. பாக்கி தீராமல் பட்டறையை விட்டுப் போக முடியாது. அது முதலாளி போட்ட சட்டம். வாரக்கூலியில் முந்நூறு பிடித்துக்கொள்வார். அடுத்த வாரமே மகளுக்கு வலி வரும், ஐந்நூறு வாங்க வேண்டிவரும். முன்னால் நகர்வதற்குப் பதில் கணக்கு பின்னால் நகர்ந்தது.

பட்டறையில் அவனுக்குப் பெயர் ரெட்டை. இரண்டு பேட்டரியை இரண்டு கையில் ஒரே மூச்சில் தூக்குவான். வேலை வேறொன்றும் இல்லை, பழைய வண்டி பேட்டரிகளைக் கோடாலியால் உடைப்பது. தண்ணீர் மாதிரி இருக்கிற திராவகத்தைக் கொட்டுவது, உள்ளே இருக்கிற தகட்டை உருவுவது, உலையில் போட்டு உருக்குவது, அச்சில் ஊற்றிக் கட்டியாக்குவது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலைமுதல் கால்வரை சாம்பல் பூசினாற்போல இருப்பான். உடைக்க வந்ததில் உயிர் மிச்சமிருக்கிற பேட்டரிகளைச் சார்ஜ் ஏற்றி விற்பதும் வாடகைக்கு விடுவதும் உண்டு. அப்படி இரண்டை ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான்.

அங்கே டாக்டர் அறையில் ஒரு ரேடியோ இருந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இந்தப் பக்கமிருந்தும் பேசலாம், அந்தப் பக்கமிருந்தும் பேசலாம். அதற்கென்று பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தார் டாக்டர். மழை வந்தால் போன் செத்துவிடும், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மலையைச் சுற்றி அங்கங்கே கிடக்கிற ஏழு ஆஸ்பத்திரி டாக்டர்கள் புதன்தோறும் இரண்டு மணிக்கு ரேடியோவில் கூடுவார்கள். ஒருவர் தன்னால் கண்டுபிடிக்க முடியாத நோயைச் சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், யோசனை சொல்வார்கள். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்று சொன்னால்தான் அடுத்தவர் பேசலாம்.

"டாக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சே, இன்னும் என்ன படிப்பு?" என்று ஒருமுறை நர்ஸிடம் கேட்டான்.

"வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் படிச்சேன்னு கணக்குக் காட்டணும்ண்ணே. இல்லேன்னா டாக்டர் வேலைக்கே ஆப்பு."

"நம்ம முதலாளியையும் இதுல சேத்துவிடலாமா?"

"முடியாது. அமெச்சூர் ரேடியோவில காசு பேச்சு, வியாபாரப் பேச்சு பேசக்கூடாது. சட்டம்."

"அப்படீன்னா அவரு ஊமைதான்."

ரேடியோ ஓடுவது அவன் கொண்டுவரும் பேட்டரியில், பேச்சு முடியும்வரை அதைக் கழற்றித் திரும்பக் கொண்டுபோக முடியாது. அதனால் அவன் சுவரோரப் பெஞ்சில் காத்திருப்பான். ரேடியோவில் படம் காட்ட முடியாது, எக்ஸ்ரேயைக்கூட வாயால்தான் சொல்ல வேண்டும். அங்கங்கே நர்ஸ்களும் கேட்கிறார்கள், இங்கிலீஷைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தூரத்து ஆஸ்பத்திரியின் வயதான டாக்டரம்மா எல்லோரையும் அதட்டி வைத்திருந்தார். அந்தப் புண்ணியத்தில் பெஞ்சில் இருந்தவனுக்கும் முக்கால்வாசி புரியும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டுவான். அவள் அவனைத் திட்டி முடித்ததும் "ஓவர்" என்பாள்.

அந்தப் புதன்கிழமை ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு இளம் டாக்டர் பேசினார்.

"நோயாளி பெண். வயசு இருபத்தாறு. எட்டு மாசமா வயித்து வலி, குடலைப் பிடிச்சுப் பிழியற மாதிரி. மலச்சிக்கல். ரத்தம் ரொம்பக் கம்மி. வேற எடத்துல குடல்வால்னு நெனச்சு ஆபரேஷன் பண்ணிருக்காங்க. வெட்டி எடுத்த குடல்வால் நல்லாத்தான் இருந்திருக்கு. வலி போகல. ரெண்டு வயசுல ஒரு மகன், அவனுக்கும் அடிக்கடி வாந்தி. உங்க யோசனையைச் சொல்லுங்க. ஓவர்."

ஒருவர் பூச்சி என்றார். ஒருவர் குடல்புண் என்றார். இன்னொருவர் குடலில் காசநோயாக இருக்கலாம் என்றார். நாலாவது ஆள், "மனசு சம்பந்தப்பட்டதா இருக்கும். மாமியாரோட சண்டையான்னு விசாரிங்க, ஓவர்" என்றார்.

"ஒண்ணும் புரியலைன்னா உடனே மாமியார் தலையில கட்டிடுவாங்க" என்று நர்ஸ் முணுமுணுத்தாள். பெஞ்சில் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அப்போதுதான் வயதான டாக்டரம்மாவின் குரல் வந்தது. நிதானமான குரல்.

"புருஷன் என்ன வேலை பாக்கறார்? ஓவர்."

"சீட்டுல கூலின்னு போட்டிருக்கு. ஓவர்."

"கூலின்னா மூட்டை தூக்கறாரா, கல் உடைக்கறாரா, பெயிண்ட் அடிக்கறாரா? எட்டு மாசமா ஒருத்தரும் கேக்கலையா? ஓவர்."

"அவர் வெளியிலதான் உக்காந்திருக்கார். நர்ஸை அனுப்பிக் கேக்கறேன். காத்திருங்க. ஓவர்."

ரேடியோ கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது. டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். நர்ஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பழைய வண்டி பேட்டரி உடைக்கறாராம். ஓவர்."

பெஞ்சில் இருந்தவன் நிமிர்ந்தான். முதலில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. நம்மைப் போல ஒருத்தன், நம் வேலையைப் பற்றி டாக்டர்கள் பேசுகிறார்களே என்று.

"விளக்கைப் புடிச்சு அந்தப் பொண்ணோட ஈறைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. "பல்லும் ஈறும் சேர்ற எடத்துல கருநீலமா ஒரு கோடு இருக்கான்னு சொல்லுங்க. ஓவர்."

மறுபடி இரைச்சல். பிறகு இளம் டாக்டரின் குரல், உடைந்து போய்: "இருக்கு. நல்லாத் தெரியுது. நாங்க நாக்கைத்தான் பாத்தோம், ஈறைப் பாக்கல. ஓவர்."

"ஈயம். உடம்பு முழுக்க ஈயம் ஏறியிருக்கு. எல்லாரும் எழுதிக்குங்க. உடைக்கறவன் உடம்பில ஏறும், அது தெரிஞ்சதுதான். அதோட நிக்காது. அவன் சட்டையில, தலைமுடியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும். அந்தச் சட்டையை உதறித் துவைக்கறவ மூச்சில போகும். அப்பான்னு ஓடிவந்து காலைக் கட்டிக்கற குழந்தை வாயில போகும். குழந்தைக்குத்தான் முதல் அடி. வெளுத்துப் போகும், வயிறு வலிக்கும், பேசிக்கிட்டிருந்த பேச்சை மறக்கும், நடை தடுமாறும். மூளைக்கு ஏறிடுச்சுன்னா வலிப்பு வரும். அதுக்கப்புறம் நம்ம கையில இல்ல. அந்தப் பையன் வாயில என்ன வெச்சு விளையாடறான்னும் கேளுங்க. ஓவர்."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல என்று பேச்சுக்குச் சொல்வார்கள். தினமும் காய்ச்சி ஊற்றுகிறவனுக்கு அது பேச்சாகப் படவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு சூடு இறங்கியது, அப்புறம் சில்லிட்டது. மகள் போன மாதம்வரை பூனையைப் பூனை என்று சொன்னாள். இப்போது கையைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கிறாள். வாசற்படி தடுக்கி மூன்று முறை விழுந்தாள். அவளுக்கு விளையாட அவன் ஒரு மீன் வார்த்துக் கொடுத்திருந்தான். மிச்ச ஈயத்தை மணலில் அச்சுப் பண்ணி ஊற்றி, கண், செதிலெல்லாம் ஆணியால் கீறிக் கொடுத்த மீன். அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேதான் அவள் தூங்குவாள்.

அவன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில், ரேகையில், எல்லாவற்றிலும் சாம்பல் நிறம்.

டாக்டரும் அதே கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை மேசையில் வைத்துவிட்டு டார்ச்சோடு எழுந்து வந்தார்.

"அண்ணே, வாயைத் திறங்க."

திறந்தான். டாக்டர் பார்த்தார். ஈறோரம் அதே கருநீலக் கோடு. அலமாரிக்குப் போய் மகளின் சீட்டைத் தேடி எடுத்தார். தகப்பன் தொழில் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்திலேயே கூலி என்று இருந்தது.

"ஒன்றரை வருஷமா புதன் தவறாம பேட்டரியும் கையுமா என் முன்னாடி வந்து நிக்கறீங்க" என்றார். "குழந்தைக்கு மூணு தடவை பூச்சி மருந்து எழுதினேன். என்ன வேலைன்னு ஒரு தடவை கேக்கலையே நான்."

"நானும் சொல்லலையே டாக்டர்" என்றான்.

டாக்டர் மைக்கை எடுத்தார். பெயர் சொல்லக்கூடாது என்பது ரேடியோவில் நோயாளிக்குச் செய்கிற மரியாதை. அதனால் பெயர் சொல்லவில்லை.

"குறுக்கிடறேன். என்கிட்டயும் ஒரு கேஸ் இருக்கு. பெண் குழந்தை, நாலு வயசு. நீங்க சொன்னது அத்தனையும் இருக்கு. நான் கண்டுபிடிக்கல. அவங்க அப்பா கொண்டுவர்ற பேட்டரியிலதான் நான் இப்ப உங்களோட பேசிக்கிட்டிருக்கேன். ஓவர்."

டாக்டரம்மாதான் பேசினார்:

"குழந்தையை இன்னைக்கே அந்த வீட்டைவிட்டு எடுத்து உங்க வார்டுல சேருங்க. ரத்தம் எடுத்து அனுப்புங்க, மருந்தை நான் வண்டியில குடுத்தனுப்பறேன். ஆனா மருந்து ரெண்டாவது. அவர் அந்த வேலையை விடணும், அது முதல். விடலேன்னா ஒரு பக்கம் இறைச்சு மறுபக்கம் ஊத்தற கதைதான். ஓவர்."

நர்ஸ் அவனோடு கூடவே வீட்டுக்கு வந்தாள். மனைவி குழாயடியில் அவனுடைய நேற்றைய சட்டையைக் கும்மிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான். ரேடியோவில் கேட்டதை அவளுக்கு நடித்துக் காட்டாமல் சொன்னது அதுதான் முதல்தடவை. அவள் அழவில்லை. ஈரக் கையை உடம்பில் படாமல் தள்ளி நீட்டிக்கொண்டு நின்றாள், யாருடைய கையோ போல.

"துவைச்ச தண்ணிய இந்த வாசல்லதாங்க ஊத்தினேன்" என்றாள். "தூசி அடங்கட்டும்னு ஊத்தினேன். அவ இந்த மண்ணுலதான் உக்காந்து விளையாடறா."

மகள் மீனைத் தர மறுத்தாள். விரல் விரலாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. வீலென்று கத்திக்கொண்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தாள். ஜென்மத்தில் முதல்முறையாக அவன் மகளிடமிருந்து பின்வாங்கினான். "கிட்ட வராதடா கண்ணு, வராத" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான். நர்ஸ்தான் குழந்தையைத் தூக்கினாள். அம்மாவும் மகளும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அவன் பட்டறைக்குப் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தான். கையில் காலில் விழுந்தாவது கேட்க வேண்டும். வேறு வேலை தேடி மாதம் ஆயிரமாக அடைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். முதலாளி விடமாட்டார், பெரிய சண்டையாகும் என்று நினைத்துக்கொண்டே நடந்தான்.

முதலாளி முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார்.

"என்ன ரெட்டை, வேலை நேரத்துல எங்க போய்த் தொலைஞ்ச?"

"முதலாளி, நான் நாளையிலேருந்து வரல. பொண்ணுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரியில..."

"வலிப்பு வந்துடுச்சா?"

வலிப்பு என்ற சொல்லை அவன் எடுக்கவே இல்லை. ஈயம் என்றுகூட இன்னும் சொல்லவில்லை.

"வலிப்பு வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் முதலாளி?"

"என்னப்பா, குழந்தைன்னா வரும்தான." முதலாளி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நீல நோட்டை எடுத்து விரித்தார். "சரி, கஷ்டத்துல இருக்க. உன்னைப் போட்டுப் பிழியறதுக்கு நான் என்ன ராட்சசனா? இந்தா, தள்ளியாச்சு. முப்பத்தெட்டாயிரத்துச் சில்லறையும் தள்ளியாச்சு. ஆஸ்பத்திரியில கண்டதையும் உளறாம இரு, போதும்."

ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தள்ளுபடி என்று எழுதினார். ஒன்றரை வருஷமாக அவன் கழுத்தில் கிடந்த கல், ஒரு பேனாக் கோட்டில் போய்விட்டது.

அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டறையில் யாருக்கும் அது தெரியாது. தலைகீழாகக் கிடந்த பக்கத்தைச் சிரமப்பட்டுப் படித்தான். தன் வரிக்கு மேலே நாலு வரி. ஆறடி, பதினாலாயிரம், தள்ளுபடி. மணிக்கட்டு தொங்கிப்போய் சோற்றைப் பிசைய முடியாமல் போனவன். லொடலொடை, இருபத்திரண்டாயிரம், தள்ளுபடி. இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு ஊரைவிட்டே போனவன். புதுமாப்பிள்ளை. சின்னத்தம்பி. ஒவ்வொருவரும் போனபோது, முதலாளிக்கு என்ன மனசு பார், மொத்தக் கடனையும் விட்டுக்கொடுத்தாரே என்று உலையடியில் உட்கார்ந்து பேசியவர்களில் இவனும் ஒருவன்.

எந்த நாளில் யாரை விடவேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

உலையடியில் இன்னும் ஆறு பேர் வேலை செய்கிற சத்தம் கேட்டது. ஆறு பேருக்கும் வீடு இருக்கிறது.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்துடுங்க முதலாளி" என்றான். குரல் எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. "நாளைக்கு வேற யாராவது வந்து பாக்கின்னு கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்?"

"சந்தேகப் பிராணிடா நீ." முதலாளி சிரித்தார். பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் செத்த கணக்குதான். வெச்சுக்க." சர்ரென்று கிழித்துக் கொடுத்தார்.

அவன் அதை நாலாக மடித்தான். சட்டைப்பையில் வைக்கப் போனவன் சட்டைத் தூசியைப் பார்த்து வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, டாக்டர் அறையில் விளக்கு அணைவதற்குள் அந்த நாலு பெயரையும் அவரிடம் காட்டிவிட வேண்டுமே என்று வேகமாக வெளியே வந்தான்.

"கதவைச் சாத்திட்டுப் போடா" என்று பின்னாலிருந்து முதலாளி கத்தினார். "தூசி உள்ள வருது."