ஏழாவது ஆளின் சீட்டு

போர்க்காலப் படத்தின் எல்லைச் சாவடிக் காட்சிக்கு அகதிகள் நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். நகரத்தில் அசல் அகதிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் நாற்பது பேரையும் அவர்களிலிருந்தே கூட்டி வந்துவிட்டார்கள். வரிசையில் ஏழாவதாக நின்றவள் தையல்காரி. அவளுக்குப் பின்னால் அவளுடைய அண்ணி.

சாவடி அட்டையால் ஆனது. அதிகாரியின் சீருடை மட்டும் அசல். அதை மாட்டியிருந்தவர் அவர்கள் ஊர்ப் பல் டாக்டர். சிரிக்காத முகம் என்பதற்காகத் தேர்வானவர்.

"எந்தச் சட்டைக்குப் பயந்து ஓடி வந்தாரோ அதையே மாட்டி விட்டிருக்காங்க பாரு," என்றாள் அண்ணி. "கழுத்துப் பித்தான்கூடச் சேரல, பாவம்."

"சும்மா இருங்க அண்ணி. டைரக்டர் பாக்குறார்."

"பாக்கட்டும். அழு அழுன்னு உயிரை வாங்குறார். வரிசையில நின்னுக்கிட்டு யாராவது அழுவாங்களா? நாம நின்னப்ப நீ அழுதியா?"

"கால் வலிச்சுது."

"அதைத்தான் சொல்றேன்."

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தேநீரில் நனைத்துப் பழசாக்கிய போலிச் சீட்டை ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்திருந்தார்கள். அதிகாரி கை நீட்டுவார். தையல்காரி சீட்டைக் கொடுக்க வேண்டும். அவர் கிழித்துப் போடுவார். அவள் அழ வேண்டும்.

காமிரா ஓடியது. சீருடைக் கை நீண்டது. மூன்று வருடமாகச் சீருடைக் கை நீளும்போதெல்லாம் செய்ததையே அவள் வலது கை செய்தது. கோட்டின் உள்பைக்குள் போய், நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்துவிட்டது. தேநீர்ச் சீட்டு இடது கையிலேயே இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொடுத்தது தங்கும் அனுமதி. கிழிந்தாலும் தொலைந்தாலும் வேறு தரப்படமாட்டாது என்று அதன் அடியிலேயே அச்சடித்திருந்தது. அது இல்லாவிட்டால் பத்து நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

எதிரே நிற்பவர் பல் டாக்டர்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அந்தச் சட்டைக்கு முன்னால் வாய் திறக்கவில்லை.

"கிழி," என்றார் டைரக்டர்.

டாக்டர் தாளைப் பிரித்தார். ஊதா முத்திரை. அவருடைய பையிலும் அதே முத்திரை போட்ட தாள் ஒன்று இருந்தது. விரல்கள் மேல் ஓரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றன. பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து அவளிடம் நீட்டினார்.

"பத்திரமா உள்ள வைம்மா."

"நிறுத்துங்க," என்றார் டைரக்டர். "எந்த எல்லையிலய்யா அதிகாரி 'வைம்மா'ன்னு சொல்றான்?"

"எந்த எல்லையிலயும் சொல்றதில்லைங்க," என்றார் டாக்டர்.

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை தேநீர்ச் சீட்டு கிழிந்தது. அவளுக்கு அழுகை வராததால் கிளிசரின் விட்டார்கள்.

ஏழு மாதம் கழித்துப் படம் வந்தது. அவளும் அண்ணியும் போனார்கள். டைரக்டர் கெட்டிக்காரர். அவளுடைய முகத்தை முதல் தடவை எடுத்ததிலிருந்தும், கிழிகிற தாளை இரண்டாவதிலிருந்தும் வெட்டி ஒட்டியிருந்தார். கிளிசரின் கண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. தாள் கிழிந்தபோது அரங்கில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

தையல்காரி கோட்டின் உள்பையைத் தடவிப் பார்த்தாள்.

"இருக்கா?" என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு."

"அப்ப பேசாம படத்தைப் பாரு. அடுத்து நான் வருவேன்."