அண்ணன் இல்லாதவர்கள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு இரண்டு வகை. மாடியில் நடப்பது உயர்கணிதம், கீழே நடப்பது சாதாரணக் கணிதம். பிள்ளைகள் வாயில் அது மாடிக் கணக்கு, தரைக் கணக்கு. மாடியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தால்தான் இன்ஜினியரிங் கல்லூரிக்கு விண்ணப்பம் போடவே முடியும். தரையில் படித்தவர்களுக்குக் கூட்டல் கழித்தலில் ஒரு குறையும் வராது. அந்தக் கதவு மட்டும் திறக்காது.

மாடிக்கு யார் ஏறுவது என்பதைக் கணக்கு டீச்சர்தான் பல வருஷமாகத் தீர்மானித்து வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. அவரிடம் படித்து இறுதித் தேர்வில் தோற்றவர் ஒருவர்கூட இல்லை என்று பேச்சு. பொறுக்கி எடுத்த அரிசியில் கல் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வதைப் போலத்தான் இது. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் தைரியம்?

அந்த வருஷம் வந்து சேர்ந்த புதுத் தலைமையாசிரியை இந்த வழக்கத்தில் கையை வைத்தார். இனி விருப்பம் இருக்கிற யார் வேண்டுமானாலும் உயர்கணிதத்தில் சேரலாம், ஒத்துவரவில்லை என்றால் முதல் மாதம் முடிவதற்குள் இறங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். டீச்சர் சண்டைக்குப் போவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ, "தாராளமா வரட்டும். நான் எதுக்குத் தடுக்கணும்? பரீட்சைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எட்டுப் பேர் கூடுதலாகச் சேர்ந்தார்கள். மாடி அறையில் இருந்த மர நாற்காலிகள் போதாததால் அட்டெண்டர் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எட்டு நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து கடைசி வரிசையில் போட்டார். யார் பழைய ஏற்பாட்டில் வந்தவர், யார் புதிய ஏற்பாட்டில் வந்தவர் என்று வாசலில் நின்றாலே தெரிந்தது.

நீல நாற்காலிக்காரர்களில் ஒருத்தி குருவி. குரல் மெலிசு என்பதால் வந்த பெயர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. அங்கே படுக்கை விரிப்புகளை உருளைக்குள் இழுத்துத் தேய்த்துத் தருகிற பெரிய மெஷின் ஒன்று உண்டு. அது மக்கர் செய்தால் அத்தனை விரிப்பையும் கையால் தேய்க்க வேண்டும்; அம்மா அன்றைக்குத் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். மெஷினைச் சரிபார்க்க ஒரு பெண் இன்ஜினியர் வருவார். அவர் மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, பத்து பேர் திட்டித் தீர்த்த அந்த ராட்சசனைப் பசுமாடு மாதிரி ஆக்கிவிட்டுப் போனதைக் குருவி ஒரு விடுமுறையில் நின்று பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஆசை கிடையாது. அதற்கு மாடிக் கணக்கு வேண்டும்.

முதல் வாரமே பரீட்சை வந்தது. குருவி கேள்வித்தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். பாதிக் குறியீடுகளை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனாலும் விடவில்லை. தெரிந்ததை வைத்து ஒவ்வொரு கேள்வியிலும் முட்டி மோதினாள். பக்கத்து நீல நாற்காலியில் இருந்த அவள் தோழி நெட்டையும் அப்படித்தான், கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதினாள். முன் வரிசையில் பல் டாக்டர் மகன் அரை மணி நேரத்தில் பேனாவை மூடிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துத் தூங்கினான். அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டான் பார் என்று குருவி பொறாமைப்பட்டாள்.

விடைத்தாள் வந்தது. நூற்றுக்குப் பதினேழு. குருவி தாளை நாலாக மடித்துப் பைக்குள் தள்ளினாள். கடைசி வரிசையில் எல்லோரும் அதையே செய்தார்கள்; யாரும் யாரையும் "எவ்வளவு?" என்று கேட்கவில்லை. டீச்சரும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

வீட்டில் அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"போகட்டும் விடு பாப்பா" என்றார் அம்மா, அவள் தலையைத் தடவி. "விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் நல்லது. முடியலைன்னா இறங்கிடு. யாரு உன்னை அடிக்கப் போறா?"

டயர் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் கை கழுவிக்கொண்டே சொன்னான். "பதினேழா? நான் கணக்குல வாங்கினதை விட நீ அதிகம்தான். எதுக்கு இந்தத் தலைவலி? கீழேயே படி, ஜம்முனு பாஸ் பண்ணிடுவ."

அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் கழன்றுவிட்டது. அழுகை வந்தது, அழுதாள்.

அடுத்த நாட்களில் நீல நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நெட்டை போனபோது, இருபத்திரண்டு என்றிருந்த தன் தாளைக் காட்டி, "நமக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று மட்டும் சொன்னாள். முதல் மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் மிச்சம் இருந்தது குருவி ஒருத்திதான். அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் மாடிப் பாடப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவளும் ஏறினாள். அட்டெண்டர் நீல நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உன்னுதையும் எடுத்துடட்டுமா?" என்றார்.

"எடுத்துக்குங்க அண்ணே."

ஜன்னல் ஓரத்தில் பல் டாக்டர் மகன் தன் விடைத்தாளைக் கிழித்து ராக்கெட் செய்துகொண்டிருந்தான். அதன் இறக்கையில் சிவப்பு மையில் பதினான்கு என்று இருந்தது. குருவி இன்னொரு தடவை பார்த்தாள். பதினான்குதான். பாவம், இவனும் போகப் போகிறான் என்று நினைத்தாள்.

"நீயும் இறங்கப் போறியா?"

"எங்க?"

"கீழே. பதினாலுதானே வாங்கியிருக்க."

அவன் சிரித்தான். "எங்க அண்ணன் வாங்கினது ஒம்போது. இப்ப காலேஜ்ல மூணாவது வருஷம். இந்த முதல் பரீட்சையில யாருமே பாஸ் பண்ண மாட்டாங்க. வருஷக் கடைசியில நடத்தப்போற பாடத்துல இருந்து கேப்பாங்க. மார்க்லயும் சேராது. அதான் நான் தூங்கிட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஏன், உனக்கு யாரும் சொல்லலையா?"

குருவி நின்ற இடத்திலேயே நின்றாள். உனக்கு யாரும் சொல்லலையா. யார் சொல்வார்கள்? அம்மாவுக்குத் தெரிந்தது விரிப்பு மடிக்க. அண்ணனுக்குத் தெரிந்தது எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்பது. மர நாற்காலிகளில் இருந்த அத்தனை பேருக்கும் ஊரறிந்த ரகசியமாக இருந்தது, நீல நாற்காலிக்காரர்களுக்கு மட்டும் தீர்ப்பாகிவிட்டது. அவளுக்கு முதலில் வெட்கம், பிறகு அப்படி ஒரு கோபம்.

"அண்ணே, அந்த நாற்காலியை வைங்க" என்றாள்.

மெலிந்த குரல்தான். அட்டெண்டர் வைத்துவிட்டார்.

ஆசிரியர் அறையில் டீச்சர் தாள் திருத்திக்கொண்டிருந்தார். குருவி பாடப்புத்தகத்தோடு நிற்பதைப் பார்த்து, நிமிராமலே மேஜையைக் காட்டினார். "அங்க வச்சுட்டுப் போ."

"திருப்பித் தர வரலை டீச்சர். ஒண்ணு கேக்கணும். அந்தப் பரீட்சை எதுக்கு?"

டீச்சர் பேனாவை வைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, கோபப்படக்கூட மறந்துவிட்டார். "திறமை பாக்க இல்ல. தெம்பு பாக்க. அடி விழுந்தா ஓடுறவன் யாரு, நிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியணும். வருஷா வருஷம் பாக்குறேன். நிக்கிறவங்கதான் கடைசி வரைக்கும் வர்றாங்க."

"அவங்க மேல அடியே விழலை டீச்சர். யாரும் பாஸ் பண்ண மாட்டாங்க, மார்க்ல சேராதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"யார் சொன்னா?"

"அண்ணன் சொல்லியிருக்கான். அக்கா சொல்லியிருக்கா. ட்யூஷன் சார் சொல்லியிருக்கார். எனக்கும் அண்ணன் இருக்கான் டீச்சர். ஆனா அவன் மாடிக்கு வந்ததில்ல." அதோடு நிறுத்தவில்லை. "நீங்க தெம்பைப் பாக்கலை. வீட்டுல யாராவது இங்க படிச்சிருக்காங்களான்னு பாத்திருக்கீங்க."

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. "உன் மார்க் என்ன?" என்றார்.

"பதினேழு. நெட்டை இருபத்திரண்டு. தூங்கினவன் பதினாலு."

போட்ட மார்க்கெல்லாம் டீச்சரே போட்டதுதான். ஆனால் யார் போகிறார்கள் என்று பார்த்தாரே தவிர, போகிறவர்களையும் இருக்கிறவர்களையும் ஒருபோதும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டார். இப்போது மார்க் பதிவேட்டை எடுத்து ஒரு முறை புரட்டினார். பிறகு அதை மூடிவைத்தார்.

"நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு. போனவங்களை நீயே கூட்டிட்டு வா."

"நான் கூப்பிட்டா ஆறுதல் சொல்றேன்னு நினைப்பாங்க. நீங்க வாங்க டீச்சர்."

"நான் எதுக்கு?"

"அவங்களைப் போகச் சொன்னது நீங்கதானே?"

டீச்சர் மறுபடி பேனாவை எடுத்தார். குருவி வீட்டுக்குப் போய், நான் இறங்கவில்லை என்று சொன்னாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடு" என்றார்.

மறுநாள் தரைக் கணக்கு நடக்கும் அறை வாசலில் டீச்சர் வந்து நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் அகராதியில் இல்லை, அன்றைக்கும் அது வந்து சேரவில்லை. மொட்டையாகத்தான் சொன்னார். "மாடியில இருந்து வந்தவங்க கேளுங்க. அந்தப் பரீட்சையில ஒருத்தரும் பாஸ் இல்ல. இங்க வந்த ஏழு பேர்ல அஞ்சு பேர், மேல இருக்கிற முக்கால்வாசிப் பேரை விட அதிக மார்க். நாற்காலி காலியா கிடக்கு."

வாசலுக்கு வெளியே நின்ற குருவி நெட்டையைப் பார்த்தாள். நெட்டை நம்பாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவ்வளவு உயரமும் நிமிர எழுந்து பையை எடுத்தாள்.

ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பினார்கள். மற்ற இருவருக்கு மனசு விட்டுப்போயிருந்தது. எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. குருவிக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மாடிக் கணக்கு நிஜமாகவே கடினம். டீச்சர் காலையில் மணி அடிப்பதற்கு முன் தனியாக ஒரு வகுப்பு எடுத்தார், அதே கடுகடுப்போடுதான் எடுத்தார். ட்யூஷனுக்கு வழியில்லாதவர்களுக்காகத் தொடங்கியது. நாளாவட்டத்தில் பல் டாக்டர் மகனும் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்கார்ந்தான். வருஷ முடிவில் நெட்டை எண்பதைத் தொட்டாள். குருவிக்கு அறுபத்தொன்று. திரும்பி வந்தவர்களில் ஒருவன் தோற்றான், மறுதேர்வு எழுதித் தேறினான். ஒருவரும் தோற்றதில்லை என்ற டீச்சரின் பேரும் அதோடு போயிற்று. தலைமையாசிரியை அதைப் பற்றி மெல்ல விசாரித்தபோது, "போனா போகட்டும்" என்றார் டீச்சர்.

அடுத்த வருஷம் பள்ளி திறந்த முதல் வாரம். குருவி இரண்டாம் வருஷ வகுப்பில் இருந்தாள். அட்டெண்டர் வந்து, டீச்சர் கூப்பிடுவதாகச் சொன்னார். பக்கத்து அறையில் புதுப் பிள்ளைகள். இந்த முறை நீல நாற்காலிகள் இரண்டு வரிசை. மேஜை மேல் அதே பரீட்சையின் கேள்வித்தாள் கட்டு. டீச்சர் அதை மாற்றவில்லை. பிடிவாதம் அவ்வளவு லேசில் போய்விடுமா?

"வீட்டுல யாருமே இந்த மாடியில படிக்காதவங்க கை தூக்குங்க" என்றார் டீச்சர்.

முதலில் ஒரு கை, தயங்கித் தயங்கி. அப்புறம் நீல வரிசைகள் முழுக்கக் கைகள்.

"இதோ நிக்கிறாளே, இவதான் இனிமே உங்க அக்கா. சொல்லும்மா, என்ன சொல்லணுமோ."

குருவிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அத்தனை கைகளையும் பார்த்ததும் வாயில் வந்தது இரண்டே வாக்கியம்.

"இதுல நான் வாங்கினது பதினேழு" என்றாள். "யாரும் எழுந்திருக்காதீங்க."