சேற்றில் சிக்கிய நீதிமன்றம்

நெப்ராஸ்கா சமவெளியில் ரயில் கிரேடன் வழியாகப் போனதும், மாவட்டத் தலைமையிடமும் அந்த ஊருக்கே என்று ஓட்டெடுப்பில் முடிவானது. அதுவரை தலைமையிடமாக இருந்து தோற்ற வில்லோபி ஊர்க்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்க, மரத்தால் கட்டிய நீதிமன்றத்தை அப்படியே பெயர்த்து, உருளைகள்மேல் ஏற்றி, எருது பூட்டி இழுத்துப்போனார்கள் கிரேடன்காரர்கள்.

அர்டெல்லாவுக்கு அதைவிடப் பெரிய கவலை. அவள் வில்லோபிக்காரி, காதலன் ஆல்வின் கிரேடன்காரன். கல்யாணத்தைக் கிரேடனில் வைத்தால் அவள் அப்பா ஹைரம் வரமாட்டார். வில்லோபியில் வைத்தால் ஆல்வினின் அம்மா கோரா வரமாட்டாள்.

அன்று மதியம், நடுவழி ஓடையில் கட்டடம் புதைந்துவிட்டதாகச் சேதி வந்தது. உள்ளே நீதிபதி வேறு, "நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்று அமர்ந்திருக்கிறாராம். அர்டெல்லா துள்ளி எழுந்தாள்.

"அப்பா, கிளம்புங்க. இன்னைக்கே எனக்குக் கல்யாணம்."

"எந்த ஊர்ல?"

"ரெண்டு ஊர்லயும் இல்ல. ஓடையில!"

கல்யாண கவுனை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு அவள் அப்பாவோடு ஓடைக்கு வந்தபோது, ஆல்வின் இடுப்பளவு சேற்றில் எருதுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தக் கோலத்துலயா?" என்று விழித்தான்.

"குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எங்க அப்பா மனசு மாறிடும். ஏறு!"

ஜன்னல் வழியே எட்டிப்பார்த்த நீதிபதி சிரித்தார். "நான் உட்கார்ந்திருக்கிற இடம்தான் கோர்ட். உள்ள வாங்க."

சேதி கேட்டுக் கோராவும் பழப் பணியாரங்களோடு வண்டியில் வந்து இறங்கினாள். சேற்றுக் காலோடு மாப்பிள்ளை நிற்க, கல்யாணம் நடந்தது. ஹைரம் மூக்கை உறிஞ்சினார், தூசி என்றார்.

பிறகு வெளியே வந்து எருதுகளைப் பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. "இப்படியா பூட்டுவீங்க?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தம் ஊர்க்காரர்களைக் குதிரைகளோடு கூப்பிட்டார்.

கோராவுக்குச் சந்தேகம். "எந்தப் பக்கம் இழுக்கப் போறீங்க?"

"உங்க பக்கம்தான், சம்பந்தியம்மா. பொண்ணையே குடுத்தாச்சு. கட்டடத்துக்கா அழுவேன்?"

இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுத்ததில் கட்டடம் முனகிக்கொண்டே கரையேறியது. அர்டெல்லாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. யாரோ பிடிலை எடுத்தார்கள்.

மஞ்சள் வெயிலில் நீதிமன்றம் கிரேடனுக்குள் நுழைந்தபோது, வரவேற்கக் காத்திருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஜன்னலுக்குள் ஹைரமும் கோராவும் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.