மாத்திரை கூட

பாட்டின் உச்சியில் கேத்ரினுக்குக் குரலுக்குப் பதிலாகக் காற்றுத்தான் வந்தது. ஸ்பிரிங்வேல் மாதா கோவில் பாடகர் குழுவில் பெரிய வெள்ளிப் பாட்டைத் தனியே பாடுகிறவள் அவள். பாட்டு மாஸ்டர் ஹார்மோனியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் காது இருக்கிறதே. தைரொயிட் குறைவாகச் சுரக்கிறது, கரகரப்பும் ஓயாத நித்திரையும் அதனால்தான் என்று டொக்டர் சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். குரல் மெல்லத்தான் திரும்பும் என்றார். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? பெரிய வெள்ளி ஏப்ரலில் வந்துவிடும். இந்த முறை பாடாவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும், அதை அவளால் தாங்க முடியாது.

கேத்ரினுக்கு எதையும் கிண்டிப் பார்க்காமல் இருக்க வராது. டண்டினொங்கில் அவள் வேலை செய்யும் ஒபிசில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் ராதா மதுரைக்காரி. அவளுடைய அத்தைக்கும் இதே தைரொயிட் வருத்தமாம், அமுக்கராக் கிழங்குத் தூளைப் பாலில் கலந்து குடித்துத் தேறினாராம். கேத்ரின் இந்தியக் கடையில் அந்தத் தூளை வாங்கி மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தாள். குதிரை லாயம் மாதிரி இருந்தது. இதைக் குடித்தால் குரல் ஏன் வரவேண்டும் என்று இணையத்தில் தேடினாள். சந்தேகம் வளர்ந்ததே தவிரத் தீரவில்லை. ராதா சொன்ன பத்தியம் மட்டும் மனதில் பதிந்தது.

"மாத்திரை கூட எடுத்துக்கணும்க்கா, மறந்துடாதீங்க."

கரும்பு தின்னக் கூலியா? அன்றிலிருந்து காலையில் இரண்டு குளிசை, இரவில் தூள்.

குரல் வந்தது. முதலில் காரில், பிறகு பயிற்சியில். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். கேத்ரினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. கை நடுங்கியதையும் நெஞ்சு படபடத்ததையும் பாட்டுப் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிட்டாள். அடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர்தான் கண்ணாடியைக் கழற்றி, என்னென்ன எடுக்கிறாள் என்று கேட்டு அறிந்தார். தைரொயிட் இப்போது கண்டபடி ஏறிவிட்டது, இப்படியே போனால் இதயத்தைப் பிடிக்கும், தூளை நிறுத்தி ஒரே குளிசையோடு இரு என்றார்.

மறுநாள் ராதாவிடம் போனாள்.

"நீங்கள்தானே குளிசை கூட எடுக்கச் சொன்னனீங்கள்?"

"ஆமா. தூள் இருக்கேன்னு மாத்திரைய விட்டுடக்கூடாது, அதோட சேர்த்து எடுங்கன்னு சொன்னேன்."

"எங்கட ஊர்த் தமிழில கூட எண்டால் அதிகம், ராதா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் ராதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே கேத்ரினின் மூளை வேறெங்கோ ஓடியது. அப்படியானால் குரலைக் கொண்டுவந்தது எது? தூளா, இரண்டாவது குளிசையா, அல்லது முதலாவதே தன்பாட்டில் மெல்ல வேலை செய்ததா? டொக்டரிடம் கேட்டாள். பாடிப் பார்த்தால்தான் தெரியும் என்று அவரும் கையை விரித்தார்.

பெரிய வெள்ளியன்று கோவிலில் வாத்தியம் வாசிப்பதில்லை. மாஸ்டர் வெறுங்கையோடு நின்று தலையசைத்தார். கேத்ரினின் கை நடுங்கவில்லை, நெஞ்சும் படபடக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தாள். வந்தது பழைய குரலுமில்லை, கரகரப்புமில்லை. கொஞ்சம் தாழ்ந்து, அவளே இதுவரை கேட்டிராத ஒரு குரல். அது எங்கே போகிறதென்று பார்க்கும் ஆவலில் அவள் அடுத்த அடியை எடுத்தாள்.