அறுபது ஆகும் வரை

"பேனர்ல வயசு இன்னா போடட்டும்?" ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போனில் மறுபடியும் கேட்டார்.

சசிரேகா ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். அத்தை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் அப்பாவின் நகக்கண்ணில் டயர் கறுப்பு போகவில்லை.

"நாப்பத்தெட்டுண்ணா."

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பஞ்சர் போடுகிறவர் அவள் அப்பா திருமலை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நேற்று மத்தியானம் ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேனருக்குக் கொடுத்த படம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பென்ஷன் கணக்குக்காக எடுத்தது. நாற்பதைத் தாண்டினால் சேர்க்க மாட்டார்கள் என்று, வங்கிக்காக ஊர் ஊராகப் போகும் ஜோதி அக்கா மெஷினோடு கடைக்கே வந்திருந்தாள். கறுப்பேறிய விரலில் ரேகை விழவே இல்லை. அப்பா பெட்ரோலில் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"கம்பெனிக்காரனுக்கு பி.எஃப். கீது. எனக்கு இதான் ஸ்டெப்னி. அறுபதாங்கல்யாணம் முடிஞ்ச மறுநாளே கடைய சாத்திட்டு, பென்ஷன் வாங்கினு காலாட்டினு குந்திப்பேன்."

"புதுத் தாலி வாங்கினாதான் நான் மணையில குந்துவேன்," என்றாள் அம்மா.

வெயில் தாழ எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பிய ராஜாமணி மாமா, துக்கத்துக்கு வந்திருந்த ஜோதியைப் பார்த்ததும் தன் அக்காவான அம்மாவிடம் திரும்பினார்.

"யக்கா, அந்தப் பென்ஷன மூடி பணத்த வாங்கிடு. காரியத்துக்கு ஆவும். ஆளே பூட்டாரு, இனிமே யாருக்குப் பென்ஷன்?"

அம்மா ஜோதியைப் பார்த்தாள்.

"மூடலாம், கட்டின பணம் வரும்," என்றாள் ஜோதி. "இல்லன்னா அக்காவே தொடர்ந்து கட்டலாம். அண்ணனுக்கு அறுபது ஆவுற வரைக்கும் கட்டினா, அப்பறம் அக்கா உசுரோட கீற வரைக்கும் மாசாமாசம் வரும்."

நாலு பேர் இருக்கும் இடத்தில் சசிரேகா வாய் திறக்க மாட்டாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

"யாருக்கு அறுபது?"

"உங்கப்பாவுக்குத்தாம்மா. கணக்கு அவரு வயசுலதான் ஓடும்."

மாமா சிரித்துவிட்டார். "நல்லாகீதே! செத்தவருக்கு வருசா வருசம் வயசு ஏறுமா?"

சசிரேகாவுக்கு அது விநோதமாக இருந்தது. பேனரில் அப்பாவுக்கு இனி எப்போதும் நாற்பத்தெட்டு. வங்கியில் மட்டும் அடுத்த வருஷம் நாற்பத்தொன்பது ஆகும். அப்புறம் ஐம்பது. மீசை நரைத்த அப்பாவை நினைத்துப் பார்க்க முயன்றாள். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாரோ? வழுக்கை விழுந்திருக்குமோ? தாத்தாவுக்கு விழுந்திருந்தது.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் தெற்கத்திக்காரர், பேனரை அவர் கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி இல்லியா? பின் டயரு போயிட்டு."

"சாவு வூடுப்பா. வேற கடையப் பாரு," என்றார் மாமா.

டிரைவர் அப்போதுதான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அம்மா எழுந்தாள்.

"ஜோதி, மாசம் எந்தத் தேதில பணம் புடிப்பாங்க?"

"அஞ்சாந்தேதிக்கா."

"ராஜாமணி, ஜாக்கிய எடு."

"யக்கா, இன்னிக்கா? ஊரு இன்னா பேசும்?"

அம்மா அதற்குள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்கு நடந்துகொண்டிருந்தாள். டிரைவரும் மாமாவும் சக்கரத்தைக் கழற்றினார்கள். காற்றடித்த டியூபை அம்மா தொட்டித் தண்ணீரில் அழுத்தி மெல்லச் சுற்றினாள். சசிரேகா எதிரே குனிந்து நின்று பார்த்தாள்.

ஓரிடத்தில் குமிழிகள் சரம்சரமாக மேலே வந்தன. அம்மா அங்கே விரலை வைத்தாள். குனிந்ததில் அவள் கழுத்துத் தாலி தொட்டித் தண்ணீரில் நனைந்தது. இன்னொரு கையால் அதை எடுத்து முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு, "சாக்பீஸ குடு," என்றாள்.